நூலகத்தில் மூத்தோர் வகுப்பு

நுழையும்முன்

எழுதப் படிக்கத் தெரிந்தவர், தெரியாதவர் என்று மக்களைப் பிரித்த கோட்டை அழிப்பதற்குத் தமிழ்ச் சமூகம் பல தலைமுறைகள் உழைத்தது. அக்கோடு முழுதும் மறையும் முன்னரே அதனருகில் மற்றொரு கோடு விழுந்துவிட்டது. கணினியையும் திறன்பேசியையும் இயக்கத் தெரிந்தவர் ஒருபுறமும் தெரியாதவர் மறுபுறமும் நிற்கின்றனர். மறுபுறம் நிற்போருள் முதியவர்கள் பலர். அவர்களை இக்கோட்டைக் கடக்கச் செய்யும் பணியை ஊர் நூலகம் ஏற்க வேண்டும் என்பதை இப்பாடம் வலியுறுத்துகிறது.

கரிசல் மண்ணும் புத்தகசாலையும்

பாலவனத்தம், அருப்புக்கோட்டைக்கு அருகில் உள்ள சிற்றூர். மழையை நம்பிய மானாவாரி நிலம் அது. கண்மாய் பெருகினால் நெல். பெருகாவிட்டால் பருத்தி, சோளம், கம்பு. ஆயினும் இவ்வூரின் பெயரைத் தமிழுலகம் மறவாதிருப்பதற்குக் காரணம் விளைச்சலன்று. நூல்களின்மீது ஒருவர் கொண்ட பற்று. பாலவனத்தம் சமீன்தார் பாண்டித்துரைத் தேவர் (1867 – 1911), மதுரைக்குச் சென்றிருந்தபோது சொற்பொழிவுக்காகத் திருக்குறளையும் கம்பராமாயணத்தையும் தேடினார் என்றும், அப்பெருநகரில் அவை எளிதில் கிடைக்கவில்லை என்றும் கூறுவர். அவ்வருத்தம் செயலாயிற்று. 1901ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் தோன்றியது. அதன் உறுப்புகளாகப் பாண்டியன் புத்தகசாலையும் சேதுபதி செந்தமிழ்க் கல்லூரியும் ‘செந்தமிழ்’ இதழும் அமைந்தன. ஆ. சிங்காரவேலு முதலியார் தொகுத்த ‘அபிதான சிந்தாமணி’ என்னும் பெருநூல் 1910ஆம் ஆண்டு இச்சங்கத்தின் வழியே வெளிவந்தது.

நூல் எங்கோ இருந்தது. அதனை நாடியவர் கைக்குக் கிட்டவில்லை. பாண்டித்துரைத் தேவர் கண்ட குறை இதுவே. இன்றைய குறையின் இயல்பும் இதுதான். நிலத்தின் பட்டாவும் பயிர்க் காப்பீட்டின் விவரமும் ஓய்வூதியக் கணக்கும் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் இணையத்தில் உள்ளன. அவற்றுக்கு உரிய முதியவரின் விரல் மட்டும் அவற்றை எட்டவில்லை. புத்தகம் எட்டாதிருந்த காலத்தில் விடையாக வந்த நிறுவனம் புத்தகசாலை. கணினி எட்டாதிருக்கும் காலத்திலும் அதனிடமே விடை தேடுவது பொருந்தும்.

திரைமுன் தயங்கும் கைகள்

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பத்துப் பேருள் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். அதன்பின் இப்பங்கு உயர்ந்தே வந்துள்ளது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரச் சிற்றூர்களில் இளையோர் பிழைப்புக்காகத் திருப்பூருக்கும் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றுவிட, வீட்டையும் நிலத்தையும் காத்து நிற்போர் முதியவர்களே.

அவர்களின் அன்றாட வாழ்வு கடந்த இருபது ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. முதியோர் ஓய்வூதியம் ஒருகாலத்தில் அஞ்சலகப் பணவிடையாக வீட்டு வாசலுக்கே வந்தது. அஞ்சல்காரர் பெயர் சொல்லி அழைத்துக் கையில் எண்ணிக் கொடுத்தார். இன்று அது வங்கிக் கணக்கில் சேர்கிறது. 2023ஆம் ஆண்டு ஆகத்து முதல் மாதம் 1200 ரூபாயாக உயர்ந்த அத்தொகை, வந்ததா வரவில்லையா என்பதை அறிவிப்பது ஒரு குறுஞ்செய்தி. குறுஞ்செய்தியைப் படிக்க இயலாதவர் யாரையேனும் கேட்க வேண்டும். அல்லது பேருந்து ஏறி வங்கிக்குச் செல்ல வேண்டும். நியாயவிலைக் கடையில் கைரேகை கேட்கப்படுகிறது. ஆண்டுதோறும் ஓய்வூதியர் அளிக்க வேண்டிய வாழ்நாள் சான்றும் 2014ஆம் ஆண்டு முதல் மின்னணு வடிவில் பெறப்படுகிறது.

இம்மாற்றங்களால் விளைந்த நன்மைகளை மறுத்தற்கில்லை. இடைத்தரகரின் பிடி தளர்ந்தது, நெடுவரிசைகள் குறைந்தன. ஆனால், கருவியைக் கையாளத் தெரியாதவருக்குப் பழைய இடைத்தரகர் போய்ப் புதிய இடைத்தரகர் வந்தார் என்பதே மெய். தம் பற்றட்டையையும் அதன் இரகசிய எண்ணையும் அறிமுகமில்லாதவரிடம் கொடுத்துப் பணம் எடுத்துத் தருமாறு கேட்கும் முதியவரைப் பணம் எடுக்கும் இயந்திரத்தின் அருகில் எவ்வூரிலும் காணலாம். கையெழுத்திட்ட வெற்றுத் தாளை ஒருவரிடம் கொடுப்பதற்கு அவர் ஒருபோதும் உடன்படமாட்டார். அதனினும் இடர்மிக்க ஒன்றைச் செய்கிறோம் என்பது அவருக்குத் தெரியவில்லை. அறியாமை என்று இதனைப் பழிப்பது முறையன்று. கற்பிக்கப்படாமையே இதன் காரணம்.

விடுபட்ட வயது

ஊரக மக்களுக்குக் கணினியறிவு புகட்ட நடுவண் அரசு 2017ஆம் ஆண்டு ‘பிரதமரின் ஊரக டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம்’ என்னும் பெருந்திட்டத்தைத் தொடங்கியது. ஆறு கோடிக் குடும்பங்களை இலக்காகக் கொண்ட அத்திட்டம், வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் இருபது மணிநேரப் பயிற்சி அளித்தது. 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நிறைவடைந்தபோது பயிற்சி பெற்றோர் எண்ணிக்கை ஆறு கோடியைக் கடந்திருந்தது. உலகின் மிகப் பெரிய முயற்சிகளுள் ஒன்று அது என்பதில் ஐயமில்லை.

எனினும் அதில் சேரத் தகுதியான வயது 14 முதல் 60 வரை என வரையறுக்கப்பட்டிருந்தது. வீட்டுக்கு ஒருவர் என்றதும் இளையவர் பெயரே முதலில் எழுதப்படும். அறுபது என்ற வரம்போ மூத்தவர் பெயரை எழுதவே இடந்தரவில்லை. இவ்வாறு முதியவர் இருமுறை விடுபட்டார். வேலைவாய்ப்பை முதன்மையாகக் கருதும் திட்டத்திற்கு இவ்வரம்பு இயல்பாகத் தோன்றலாம். ஆனால், கல்வியின் பயன் ஊதியம் மட்டும்தானா? தம் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதைப் பிறர் உதவியின்றி அறிவதும், வெளியூரில் வாழும் மகளின் முகத்தைத் தாமே அழைத்துப் பார்ப்பதும் கல்வியின் பயன்களே.

உதவி வேறு, கல்வி வேறு

‘முதியவர்களுக்கு எதற்குக் கணினி? பேரப்பிள்ளைகள் செய்து தருகிறார்கள். இ-சேவை மையங்கள் இருக்கின்றன’ என்று கூறுவோர் உளர். இவ்வாதத்தை ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

இ-சேவை மையம் ஒரு வேலையை முடித்துத் தருகிறது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறது, கட்டணம் பெறுகிறது, அடுத்தவரை அழைக்கிறது. வரிசையில் பலர் காத்திருக்கும்போது ஒருவருக்கு அரைமணி நேரம் கற்பிப்பது அதன் பணியாகாது. பேரப்பிள்ளைகளின் உதவி அன்பால் வருவது. ஆயினும் திறன்பேசியை வாங்கி, நான்கு நொடியில் செய்து முடித்துத் திருப்பிக் கொடுக்கும் அவ்வுதவியில் கற்பதற்கு இடமில்லை. அடுத்த மாதமும் அதே வேலைக்கு அதே பேரப்பிள்ளையை எதிர்பார்த்திருக்க வேண்டும். அவன் கல்லூரிக்கோ வேலைக்கோ ஊரைவிட்டுச் சென்றபின் அந்த உதவியும் நின்றுவிடும்.

இதனினும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. தம் சேமிப்பு எவ்வளவு, தமக்கு என்ன நோய், யாருடன் பேசினார் என்பவை ஒருவரின் தனிப்பட்ட செய்திகள். எழுதத் தெரியாதவர் கடிதத்தைப் பிறரைக் கொண்டு எழுதுவித்த காலத்தில் மனத்தில் உள்ளதை முழுதும் சொல்ல இயலாமல் தவித்தார். கடவுச்சொல்லைப் பிறர் வைத்திருக்கும் முதியவரும் அந்நிலையிலேயே இருக்கிறார். குடும்பத்தாரிடம் நம்பிக்கை இருப்பது நன்று. வேறு வழியின்மையால் நம்ப நேர்வது நன்றன்று.

ஏன் நூலகம்?

இந்திய விடுதலைக்குப் பின் நாட்டிலேயே முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது சென்னை மாகாணத்தில்தான், ஆண்டு 1948. அச்சட்டத்தின் பின்புலத்தில் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் சீ. இரா. அரங்கநாதனின் பேருழைப்பு இருந்தது. 1931ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இறுதியானது, நூலகத்தை வளரும் தன்மை கொண்ட ஓர் உயிரியாகக் காண்கிறது. அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு சென்ற நடமாடும் நூலகமும் தொடங்கப்பட்டது. வாசகர் வர இயலாவிடில் நூலகம் அவரிடம் செல்லும் என்பது தமிழகத்திற்குப் புதிய கருத்தன்று. நூலகத்திற்கு வர இயலாத முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தன்னார்வலர் வழியாக வீட்டிற்கே நூல்களைக் கொண்டுசெல்லும் ‘நூலக நண்பர்கள்’ திட்டம் அம்மரபின் இன்றைய தொடர்ச்சி.

கணினிக் கல்விக்கு நூலகம் உகந்த இடமாவதற்குக் காரணங்கள் பல. முதலாவது, அது அருகில் உள்ளது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் எனத் தமிழகத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் உள்ளன. 2006ஆம் ஆண்டு தொடங்கிய ‘அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம்’ ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழுப்புவதை நோக்கமாகக் கொண்டது. அவற்றுள் பூட்டிக் கிடப்பவை திறக்கப்படுவதற்கு இதனினும் நல்ல காரணம் வேண்டியதில்லை.

இரண்டாவது, அங்கே விற்பனை இல்லை. கடைக்காரர் புதிய கருவியை வாங்கச் சொல்வார். நிறுவனத்தார் தம் செயலியைப் பதிவிறக்கச் சொல்வர். நூலகர் எதையும் விற்பதில்லை. மூன்றாவது, அங்கே தேர்வும் மதிப்பெண்ணும் இல்லை. பள்ளியில் பாதியில் நின்றவருக்கும் பள்ளிவாசலையே மிதிக்காதவருக்கும் வகுப்பறை என்ற சொல்லே அச்சம் தரும். நாளிதழ் படிக்க வருபவர் போல இயல்பாக நுழைந்து அமரக்கூடிய இடம் நூலகம். நான்காவது, அது அவர்களின் உரிமைச் சொத்து. உள்ளாட்சிகள் வசூலிக்கும் சொத்துவரியுடன் நூற்றுக்குப் பத்து வீதம் நூலக வரியும் சேர்ந்தே வருகிறது. ஓட்டு வீட்டுக்கு வரி கட்டிய முதியவர், வாழ்நாளெல்லாம் நூலகத்திற்கும் சேர்த்தே கட்டியிருக்கிறார்.

மூத்தோர் கற்கும் முறை

முதியவர்களால் கற்க முடியாது என்பது பிழையான எண்ணம். தறியில் நூறு நூலிழைகளின் போக்கை அறிந்த அருப்புக்கோட்டை நெசவாளரும், மேகத்தின் நிறம் பார்த்து விதைப்பைத் தீர்மானிக்கும் மானாவாரி உழவரும் நுட்பம் அறியாதவர் அல்லர். அவர்கள் சிறுவர் கற்பது போலக் கற்பதில்லை என்பதே வேறுபாடு. பயன் தெரிந்தால் கற்பர். பயன் தெரியாத பாடத்தை விட்டு விலகுவர். எனவே கணினியின் உறுப்புகள், வரலாறு என்று தொடங்கும் பாடம் அவர்களுக்கு ஏற்றதன்று. ‘உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்?’ என்ற வினாவிலிருந்தே வகுப்புத் தொடங்க வேண்டும். ஒருவர் பட்டாவைப் பார்க்க விரும்புவார். மற்றொருவர் பழைய பாடல் கேட்க விரும்புவார். இரண்டும் நல்ல தொடக்கங்களே.

உடலின் இயல்பையும் கருத வேண்டும். தொடுதிரை, விரலின் மெல்லிய மின்கடத்தும் தன்மையை உணர்ந்து இயங்குவது. வயது முதிர்ந்து வறண்ட தோலும், விறகுக்கரி மூட்டத்திலும் களத்துமேட்டிலும் காய்த்துப்போன விரலும் திரையைத் தொட்டாலும் சில வேளைகளில் திரை உணர்வதில்லை. ‘நான் தொட்டால் மட்டும் வேலை செய்யவில்லை’ என்று முதியவர் கூறும்போது அதில் உண்மை இருக்கிறது. விரலைச் சற்று ஈரமாக்கினாலோ தொடுகோலைப் பயன்படுத்தினாலோ தடை நீங்கும். எழுத்தின் அளவைப் பெரிதாக்கலாம். நடுங்கும் கைக்கேற்பச் சுட்டியின் இருசொடுக்கு வேகத்தைக் குறைக்கலாம். இவ்வசதிகள் கருவியிலேயே உள்ளன. காட்டித் தருவதற்கு ஆள்தான் தேவை.

எழுத்தறியாதவரையும் விலக்க வேண்டியதில்லை. தமிழில் பேசினால் எழுத்தாக்கும் வசதியும், எழுத்தைப் படித்துக்காட்டும் வசதியும் வந்துவிட்டன. எழுத்துக்கு முன்பே பேச்சு வந்தது என்பதைக் கருவியும் ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒரு நாளைக்கு ஒரு செயல், அதையே பலமுறை, ஒரே பயிற்றுநர், படம் வரைந்த குறிப்பேடு ஆகிய நான்கும் இருந்தால் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி வேண்டும்: கற்பிப்பவர் கை, கற்பவர் கருவியைத் தொடலாகாது. எவ்வளவு நேரமானாலும் அவரே தொட்டு, அவரே தவறு செய்து, அவரே திருத்த வேண்டும்.

பாதுகாப்புப் பாடத்தை இறுதி நாளுக்கு ஒத்திவைப்பது பெருந்தவறு. முதல் நாளே அது தொடங்க வேண்டும். மக்கள் வழக்கில் ‘ஓடிபி’ எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல்லை எவரிடமும் சொல்லக் கூடாது. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை. காணொளி அழைப்பில் காவலர் உடையில் தோன்றி மிரட்டும் ‘டிஜிட்டல் கைது’ என்ற ஒன்று எச்சட்டத்திலும் இல்லை. ஏமாற்றப்பட்டால் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இந்நான்கையும் அறிந்தவர் பெரும் இழப்பிலிருந்து தப்புவார்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்99 விசைப்பலகை, 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவாகித் தமிழக அரசால் ஏற்கப்பட்டது. இதில் உயிரெழுத்துகள் இடப்புறமும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலப்புறமும் அமைந்துள்ளன. ‘க’ என்ற விசையையும் ‘இ’ என்ற விசையையும் அடுத்தடுத்து அழுத்தினால் ‘கி’ தோன்றும். உயிரும் மெய்யும் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்று திண்ணைப் பள்ளியில் கற்றவருக்கும் இம்முறை எளிதில் விளங்கும்.

முன்னோடிகள் காட்டும் வழி

வயது வந்தோர்க்குக் கற்பிப்பதில் தமிழகத்திற்கு நல்ல பட்டறிவு உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடைபெற்ற அறிவொளி இயக்கத்தில் எழுத்துடன் மிதிவண்டியும் கற்பிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான ஊரகப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். சந்தைக்கும் மருத்துவமனைக்கும் செல்ல ஆண்களை எதிர்பார்த்திருந்த நிலை மாறியது. ஒரு கருவியைத் தாமே இயக்கக் கற்பது எத்தகைய விடுதலை என்பதற்கு அதுவே சான்று. இன்று திறன்பேசி அம்மிதிவண்டியின் இடத்தில் இருக்கிறது.

அண்டை மாநிலமான கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்துப் புல்லம்பாறை ஊராட்சி 2022ஆம் ஆண்டு முழுமையான மின்னணு எழுத்தறிவு பெற்ற ஊராட்சியாக அறிவிக்கப்பட்டது. தன்னார்வலர்கள் வீடுகளுக்கும் வேலைத்தலங்களுக்கும் சென்று கற்பித்தனர். அம்முயற்சியே விரிவடைந்து, 2025ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில் மாநிலம் முழுவதற்குமான அறிவிப்பாயிற்று. நூறு வயதைக் கடந்தவரும் அங்கே கற்றனர். தமிழரும் வாழும் சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டு முதியோருக்கெனத் தனித் திட்டம் தொடங்கப்பட்டு, சமூக மன்றங்களிலும் பொது நூலகங்களிலும் ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் பயிற்சி அளிக்கப்படுகிறது. செல்வம் மிக்க நகரமும் எளிய ஊராட்சியும் ஒரே வழியைக் கண்டன: அருகில் ஓர் இடம், பொறுமையுள்ள ஒரு மனிதர்.

தடைகளும் தீர்வுகளும்

ஊர்ப்புற நூலகங்களில் பணியாளர் குறைவு. சிலவற்றில் நாளில் சில மணிநேரமே பணி. பலவற்றில் கணினி இல்லை. இவை மெய்யான தடைகள். நூலகரின் தோளில் மற்றுமொரு சுமையை ஏற்றுவது தீர்வாகாது. நூலகம் இடமும் நேரமும் தரட்டும். வாசகர் வட்டம் வகுப்பை நடத்தட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியரும் நாட்டு நலப்பணித் திட்ட மாணவரும் பயிற்றுநராகலாம். பெரும்பாலான முதியோருக்குத் தேவைப்படுவது கையில் உள்ள திறன்பேசியைக் கற்பதே ஆதலால், கணினி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விதைப்பும் அறுவடையும் இல்லாத காலத்தில், முற்பகலில், வாரத்திற்கு இருநாள் எனத் தொடங்கலாம். பொதுக் கணினியைப் பயன்படுத்துமிடத்து, வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுவதும் கடவுச்சொல்லைச் சேமிக்காதிருப்பதும் கட்டாயப் பழக்கங்களாக வேண்டும். எவருடைய கடவுச்சொல்லையும் பயிற்றுநர் எழுதி வைத்துக்கொள்ளுதல் கூடாது.

நூல்களுக்கான இடத்தைக் கணினி பறித்துக்கொள்ளும் என்று அஞ்சுவோரும் உளர். திரை பழகியவர் நூலகத்துக்கு மீண்டும் மீண்டும் வருவார்; வந்தவர் நாளிதழைப் புரட்டுவார்; நாளடைவில் நூல்களின் பக்கமும் கை நீளும். வாசலில் கூட்டம் சேர்வதனால் எந்த நூலகமும் நலிந்ததில்லை.

உரிமையும் எல்லையும்

மின்னணுச் சேவைகளை அணுகும் வாய்ப்பு, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு உறுதியளிக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அணுகும் வாய்ப்பு உரிமையானால், அதற்கான கல்வியை அளிப்பது கடமையாகிறது. ஆனால், அக்கடமை நிறைவேறியது என்று காட்டிப் பழைய வாயில்களை அடைத்துவிடலாகாது. எவ்வளவு கற்பித்தாலும் பார்வை மங்கியவர், நினைவு தளர்ந்தவர், படுக்கையில் உள்ளவர் ஆகியோருக்குத் தாளும் மனிதமுகமும் தேவைப்பட்டுக்கொண்டே இருக்கும். கற்றல் முதியவருக்கு உரிமையாக இருக்கட்டும். ஓய்வூதியம் பெறுவதற்கான நிபந்தனையாக ஆகிவிட வேண்டா. இவ்வெல்லையை உணர்ந்து நடத்தப்படும் வகுப்பே அறம் சார்ந்ததாகும்.

இன்று முதியவராய் இருப்போர் தம் பிள்ளைகளின் கைபிடித்து அரிச்சுவடி எழுதப் பழக்கினர். தாம் படிக்காவிடினும் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். அப்படிப்பினால் எழுந்ததே இன்றைய மின்னணு உலகம். அதன் வாசலில் அவர்களை நிறுத்திவைப்பது நன்றியாகாது. ஊர்தோறும் நூலகக் கதவு திறந்து, ஒரு நாற்காலியும் ஒரு மணிநேரமும் அவர்களுக்கென ஒதுக்கப்படுமானால் அக்கடனில் ஒரு பகுதியேனும் தீரும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊர் நூலகத்திற்குச் சென்று, முதியோர் வகுப்பு நடத்துவதற்கு அங்குள்ள வசதிகளையும் தேவைகளையும் பட்டியலிடுக.

2. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள மூத்தவர் ஒருவருக்குத் திறன்பேசியில் அவர் விரும்பும் ஒரு செயலை, அவர் கருவியை நீங்கள் தொடாமல் கற்பித்து, அப்பட்டறிவை வகுப்பில் பகிர்க.